முதியோரின் சிறுநீர்க் கசிவு: டயப்பருக்கு முன்னும் பின்னும்
வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் செட்டிநாட்டுப் பகுதியிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே செய்தியைப் பற்றியவை. வீட்டில் இருக்கும் முதியவர்களால் சிறுநீரையோ மலத்தையோ அடக்க முடியாமல் போகும்போது எதை வாங்குவது, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்டிருக்கிறார்கள். நேரில் கேட்கக் கூசியவர்கள் எழுத்தில் கேட்டிருப்பதால், ஊர்ப் பெயரைத் தவிர மற்ற அடையாளங்களை நீக்கியிருக்கிறோம். பதில் அளிப்பவர், மருத்துவமனை வார்டுகளில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.

கேள்வி: என் மாமியாருக்கு 82 வயது. மூட்டுவலி இருந்தாலும் கைத்தடி ஊன்றி நடப்பார்கள். சில மாதங்களாகக் கழிப்பறைக்குப் போய்ச் சேருவதற்குள் சேலையிலேயே சிறுநீர் போய்விடுகிறது. முகப்பை ஒட்டிய அறையில் படுத்திருக்கிறார்கள். டயப்பர் போட்டுவிடச் சொல்கிறார்கள் உறவினர்கள். எந்த டயப்பர் நல்லது?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: உங்கள் கேள்விக்கு நேரடியாக விடை சொல்வதற்கு முன், வீட்டின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நம் பகுதியின் பழைய வீடுகளில் முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். முகப்பை ஒட்டிப் படுத்திருப்பவர் வளவை, அதாவது நடு முற்றத்தை, கடந்து, இரண்டாங்கட்டைக் கடந்து, ஒவ்வொரு நிலையிலும் உயரமான வாசற்படியைத் தாண்டி, பின்கட்டில் இருக்கும் கழிப்பறையை அடைய வேண்டும். மூட்டுவலி உள்ள ஒருவருக்கு இது பெரிய பயணம். சிறுநீர்ப்பையில் கோளாறே இல்லாமல், போய்ச் சேர முடியாததால் மட்டும் ஏற்படும் கசிவு முதியவர்களிடம் மிகவும் சாதாரணம். நடக்கக்கூடியவருக்கு எடுத்த எடுப்பில் டயப்பர் போட்டுவிட்டால், ‘போட்டிருக்கிறோமே’ என்று அவரும் எழ மாட்டார், மற்றவர்களும் எழுப்ப மாட்டார்கள். சில வாரங்களில் இருந்த நடையும் குறைந்துவிடும். இதை நான் வார்டில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எனவே முதலில் வாங்க வேண்டியது ஒரு கமோடு நாற்காலி. இருக்கையின் நடுவில் துளையும் அதன் கீழ் எடுத்துக் கழுவக்கூடிய வாளியும் உள்ள இந்த நாற்காலியைக் காரைக்குடியில் மருத்துவ உபகரணக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். கைப்பிடி உறுதியாகவும், கால்களின் அடியில் ரப்பர் உறையும், உட்காரும்போது பாதம் தரையில் முழுவதும் பதியும் உயரமும் இருக்கின்றனவா என்று ஆச்சியையே உட்காரவைத்துப் பார்த்து வாங்குங்கள். அதைக் கட்டிலுக்கு அருகிலேயே போட்டு, ஒரு திரையும் மாட்டிவிடுங்கள். திரை இல்லாவிட்டால் மானத்துக்கு அஞ்சி அவர் அதில் உட்காரவே மாட்டார். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை ஈரம் பட்டால் வழுக்கும் என்பதால், நாற்காலியைச் சுற்றித் தண்ணீர் சிந்தாமல் பார்த்துக்கொள்வதும், இரவில் கட்டிலிலிருந்து நாற்காலி வரை தெரியும்படி ஒரு சிறு விளக்கு எரிவதும் அவசியம்.

அடுத்து, மூன்று நாள்களுக்கு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எந்த நேரத்தில் என்ன குடித்தார், எப்போது சிறுநீர் கழித்தார், எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்ற அளவில் போதும். இருமும்போதும் எழும்போதும் கசிந்தால் இடுப்புத் தசையின் தளர்ச்சி என்றும், திடீரென்று முட்டிக்கொண்டு வந்து தாங்க முடியாமல் போனால் சிறுநீர்ப்பையின் அவசரம் என்றும், எந்நேரமும் சொட்டுச் சொட்டாக வந்தால் பை நிரம்பி வழிகிறதோ என்றும் மருத்துவர் அந்த நோட்டைப் பார்த்தே ஓரளவு ஊகித்துவிடுவார். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, கேட்காமலேயே உட்காரவைக்கும் பழக்கத்தையும் தொடங்குங்கள். நோட்டில் தெரியும் அவருடைய வழக்கத்துக்கு ஏற்ப அந்த இடைவெளியை மாற்றிக்கொள்ளலாம். சில மாதங்களாகத்தான் இப்படி என்று எழுதியிருப்பதால், சிறுநீரில் தொற்று, சர்க்கரை, மலச்சிக்கல் ஆகிய மூன்றையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். இரத்த அழுத்தத்துக்கோ கால் வீக்கத்துக்கோ நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், அதை நீங்களாக நிறுத்தாமல், எந்த நேரத்தில் கொடுப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள். பகலெல்லாம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்குக் காலில் சேர்ந்த நீர் இரவு படுத்ததும் இரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராக வெளியேறும். பிற்பகலில் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்துப் படுத்தால் இரவுத் தொல்லை குறையும்.

கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்கவே கூடாது. அடர்ந்த சிறுநீர் பையை உறுத்தி, அவசரத்தை இன்னும் கூட்டும். தொற்றுக்கும் மலச்சிக்கலுக்கும் அதுவே வழி. காபியையும் தேநீரையும் மாலைக்குப் பிறகு தவிர்த்தால் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் வெளியே போகும்போது, கோவிலுக்கோ சதாபிஷேக வீட்டுக்கோ போக வேண்டியிருந்தால், உள்ளாடை போல இழுத்து அணியும் பேன்ட்ஸ் வகையைப் பயன்படுத்தட்டும். சேலைக்குள் அது தெரியாது. வீட்டில் இருக்கும் நேரத்தில் வேண்டாம்.

கேள்வி: எங்கள் அப்பச்சி பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை டயப்பர் மாற்ற வேண்டும்? பெரிய அளவாக வாங்கினால் அதிகம் உறிஞ்சும் என்று வாங்கினோம். ஆனால் தொடை வழியாக ஒழுகிப் படுக்கை நனைகிறது. இரண்டு டயப்பர்களைச் சேர்த்துப் போடலாமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: ஒழுகுவதற்குக் காரணமே அந்தப் பெரிய அளவுதான். டயப்பரின் அளவு உடம்பின் சுற்றளவைப் பொறுத்தது. உறிஞ்சும் திறன் வேறு கணக்கு. அளவு டேப்பை எடுத்து இடுப்பையும் புட்டத்தையும் அளந்து, இரண்டில் எது அதிகமோ அதைப் பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருக்கும் அங்குலக் கணக்கோடு ஒப்பிட்டு வாங்குங்கள். ஒரு நிறுவனத்தின் மீடியமும் இன்னொரு நிறுவனத்தின் மீடியமும் ஒன்றாக இருப்பதில்லை. முதலில் பத்து எண்ணிக்கை உள்ள சிறிய பொட்டலத்தைப் போட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் பெட்டியாக வாங்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் டயப்பர் மீதான ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பில்லில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டைச் சேர்த்துப் போடுவது பணத்துக்குக் கேடு. டயப்பரின் வெளிப்புறம் நீர் புகாத தாளால் ஆனது. உள்ளே இருப்பது நிரம்பினாலும் வெளியே இருப்பதற்குச் சிறுநீர் போய்ச் சேராது. இரண்டும் சேர்ந்து இடுக்கில் வெப்பத்தையும் வியர்வையையும்தான் கூட்டும். உறிஞ்சுவது பஞ்சோடு கலந்திருக்கும் சர்க்கரை போன்ற வேதிக் குருணை. நீர் பட்டதும் அது கூழாகி நீரைப் பிடித்துக்கொள்கிறது. வெறும் தண்ணீரை அது பிடிக்கும் அளவுக்கு உப்புள்ள சிறுநீரைப் பிடிக்காது. மேலே உடம்பின் எடை அழுத்தும்போது இன்னும் குறையும். விளம்பரத்தில் நீல நிறத் தண்ணீரை ஊற்றிக் காட்டுவதை நான் பொருட்படுத்தாததற்குக் காரணம் இதுதான்.

படுக்கையில் இருப்பவருக்குப் பக்கவாட்டில் ஒட்டும் டேப் வகைதான் ஏற்றது. புதிய டயப்பரை நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் பிடித்து மெல்ல இழுத்துவிட்டால் உள்ளே இருக்கும் தடுப்பு மடிப்புகள் நிமிர்ந்து நிற்கும். பலரும் இதைச் செய்யாமல் நேரே விரித்துப் போடுவதால்தான் ஓரம் ஒழுகுகிறது. அப்பச்சியைச் செயலிழந்த பக்கத்தின் தோளையும் இடுப்பையும் தாங்கி ஒருக்களித்துப் படுக்கவைத்து, பழையதை உள்நோக்கிச் சுருட்டி அவருக்கு அடியில் ஒதுக்கி, துடைத்து, புதியதைப் பாதி சுருட்டி முதுகுப் பக்கம் செருகி, மறுபக்கம் திருப்பி இழுத்துவிடுங்கள். செயலிழந்த கையைப் பிடித்து மட்டும் இழுக்கவே கூடாது. தோள் மூட்டு நழுவிவிடும். ஆண்களுக்கு உறுப்பு கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேல்நோக்கி இருந்தால் வயிற்றுப் பக்கம் நனையும். கீழ் டேப்பைச் சற்று மேல்நோக்கியும் மேல் டேப்பைச் சற்றுக் கீழ்நோக்கியும் சாய்த்து ஒட்டினால் தொடையிலும் இடுப்பிலும் சரியாகப் பிடிக்கும். இடுப்பில் இரண்டு விரல் நுழைய வேண்டும். கடைசியாகத் தொடை ஓரத்துச் சுருக்கங்களை விரலால் வெளியே எடுத்துவிடுங்கள்.

எத்தனை என்பதற்கு எண்ணிக்கை சொல்வதைவிட, மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து, வெளியே தெரியும் ஈரம் காட்டும் கோடு நிறம் மாறியிருந்தால் மாற்றுங்கள் என்றே சொல்வேன். மலம் கழித்திருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். இரவுக்கு மட்டும் உறிஞ்சும் திறன் அதிகமுள்ளதைப் போட்டு, அவருடைய தூக்கத்தைக் கெடுக்காமல் பக்கம் மாற்றிப் படுக்கவைக்கும் நேரத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். கட்டிலில் ஒரு அண்டர்பேடு (உடம்புக்கு அடியில் போடும் உறிஞ்சும் விரிப்பு) விரித்துவிட்டால் படுக்கை விரிப்பு தப்பும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை மருத்துவமும் நோய் ஆதரவுப் பராமரிப்பும் அளிக்க ஏற்பாடு இருக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவையுங்கள்.

கேள்வி: அந்தக் காலத்தில் டயப்பர் ஏது? வீட்டில் பழைய கண்டாங்கிச் சேலைகள் நிறைய இருக்கின்றன. அவற்றைக் கிழித்துப் பயன்படுத்தினால் போதாதா?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: போதும், யாராவது ஒருவர் எப்போதும் அருகில் இருந்து நனைந்த உடனே மாற்றுவதாக இருந்தால். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்தித் துணி தோலை உறுத்தாது, காற்றோட்டமும் உண்டு. ஆனால் பருத்தி ஈரத்தை உள்ளே இழுத்துப் பூட்டிவைக்காது. நனைந்த துணி தோலோடு ஒட்டியே இருக்கும். ஆகவே பகலில் துணியும் இரவில் டயப்பரும் என்று பிரித்துக்கொள்வது நல்ல ஏற்பாடு, செலவும் குறையும். ரப்பர் ஷீட்டின் மேல் ஒற்றைத் துணியை விரித்துப் படுக்கவைப்பதை மட்டும் தவிருங்கள்; நம் சித்திரை வெயிலில் அது முதுகை வேகவைத்துவிடும். மேலே பருத்தியும் நடுவே உறிஞ்சும் அடுக்கும் கீழே நீர் புகாத துணியுமாகத் தைத்து விற்கும், துவைத்துப் பயன்படுத்தக்கூடிய அண்டர்பேடு இரண்டு மூன்று வாங்கிக்கொண்டால் வளவில் காயப்போட்டு மாற்றி மாற்றி விரிக்கலாம். அதைத் துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் திரவம் சேர்க்காதீர்கள். உறிஞ்சும் தன்மை போய்விடும்.

கேள்வி: டயப்பர் போடும் இடத்தில் என் தாயாருக்குத் தோல் சிவந்து உரிகிறது. பார்த்துக்கொள்ளும் அம்மா தினமும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, தண்ணீரில் கிருமிநாசினி கலந்து துடைத்து, நிறையப் பவுடரும் போடுகிறார். அப்படியும் குறையவில்லை.
– வாசகர், காரைக்குடி

பதில்: அந்த அம்மாவின் அக்கறையில் குறையில்லை, ஆனால் அவர் செய்யும் மூன்றுமே புண்ணை வளர்க்கின்றன. நம் தோல் இயல்பில் லேசான அமிலத்தன்மை உடையது. அதுவே அதற்குக் காப்பு. தோலில் தேங்கும் சிறுநீர் சிதைந்து அம்மோனியாவாகும்போது அந்த அமிலத்தன்மை மாறுகிறது. கூடவே மலமும் பட்டால் அதிலுள்ள செரிமான நொதிகள் வீரியம் பெற்றுத் தோலையே அரிக்கின்றன. ஏற்கெனவே காரம் ஏறிய தோலில் காரமான சோப்பைத் தேய்ப்பதும் கிருமிநாசினியை ஊற்றுவதும் எரிகிற இடத்தில் மேலும் எரிப்பதுதான். பவுடரோ ஈரத்தில் கட்டிகட்டியாகி இடுக்குகளில் உட்கார்ந்து உராயும்.

இனி வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியாலோ, நறுமணமும் சாராயமும் சேராத ஈரத் துடைப்பானாலோ முன்னிருந்து பின்னாக ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள், தேய்க்க வேண்டாம். மலம் ஒட்டியிருந்தால் மட்டும், காரமில்லாத கழுவும் திரவம் போதும். உலர்ந்த துணியால் ஒற்றி, சில நிமிடம் காற்றாட விட்டு, துத்தநாக ஆக்சைடு கலந்த களிம்பை மெல்லிய படலமாகத் தடவுங்கள். அடுத்த முறை அந்தக் களிம்பு முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை. அழுக்கான மேற்படலத்தை மட்டும் ஒற்றி எடுத்துவிட்டு அதன் மேலேயே தடவலாம். வாசலின் போன்ற களிம்பை அப்பினால் அது டயப்பரின் மேற்பரப்பில் ஒட்டி, ஈரம் உள்ளே இறங்குவதைத் தடுக்கும். தேங்காய் எண்ணெய்க்கும் அதே பேச்சுத்தான்.

தொடை இடுக்கில் அடர்ந்த சிவப்பும் அதைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவந்த புள்ளிகளும் இருந்தால் அது பூஞ்சைத் தொற்று. அதற்கு மருத்துவர் எழுதித் தரும் வேறு மருந்து வேண்டும். முதுகின் அடி எலும்புக்கு மேலோ குதிகாலிலோ சிவந்து, விரலால் அழுத்தி எடுத்தாலும் வெளுக்காமல் அப்படியே இருந்தால் அது படுக்கைப் புண்ணின் தொடக்கம். களிம்பு அதற்கு மருந்தாகாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைத்து அழுத்தத்தை நீக்க வேண்டும்.

மலம் தண்ணீராக அடிக்கடி கசிகிறதா என்றும் பாருங்கள். பல நாள்களாக இறுகிய மலம் குடலை அடைத்து நிற்க, அதன் ஓரமாக நீர் மட்டும் வழிவதைப் பலரும் வயிற்றுப்போக்கு என்று எண்ணி, அதை நிறுத்தும் மாத்திரையைக் கொடுத்துவிடுகிறார்கள். அடைப்பு அதனால் இன்னும் இறுகிப்போகும்.

கேள்வி: சிறுநீர் டியூப் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இருக்காதே? என் மாமனாருக்குப் போடச் சொல்லலாமா?
– வாசகி, புதுவயல்

பதில்: பராமரிப்பவரின் வசதிக்காக மட்டும் உள்ளே டியூப் போடுவதை நான் ஆதரிப்பதில்லை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 விழுக்காடு வரை கூடிக்கொண்டே போகும் என்பது மருத்துவமனைகளில் அறிந்த கணக்கு. சிறுநீர் பிரியாமல் அடைத்துக்கொண்டவர்களுக்கும், புட்டத்தில் ஆழமான புண் ஆற வேண்டியவர்களுக்கும் அது தேவைப்படும். ஆண்களுக்கு வெளியே உறை போல அணிவித்துப் பையோடு இணைக்கும் காண்டம் கதீட்டர் இருக்கிறது. அதை அளவு பார்த்து வாங்கி, தினமும் கழற்றிக் கழுவி உலர்த்திப் புதியது மாட்ட வேண்டும். நழுவுகிறதே என்று மேலே பிளாஸ்திரியை இறுக்கிச் சுற்றினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு உறுப்பே பழுதாகலாம். எந்த டியூபானாலும் பை இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையைத் தொடக் கூடாது.

உங்கள் மாமனாருக்கு எந்நேரமும் சொட்டுவதோடு அடிவயிறு உப்பிக் கல்லாக இருந்தால், பெரும்பாலும் புராஸ்டேட் சுரப்பியின் வீக்கத்தால் சிறுநீர்ப்பை நிரம்பி வழிகிறது என்று பொருள். அப்போது எந்தப் பொருளையும் வாங்கிக்கொண்டிராமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். ஊரில் இருக்கும் எங்கள் ஆத்தாவுக்கு மறதி நோய். டயப்பரைப் பிய்த்துப் போட்டுவிடுகிறார்கள் என்று பார்த்துக்கொள்பவர் தொலைபேசியில் குறைப்படுகிறார்.
– வாசகர், காரைக்குடியைச் சேர்ந்தவர்

பதில்: பிய்ப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இருக்கும். நனைந்திருக்கலாம், அரிக்கலாம், புழுங்கலாம், அல்லது சிறுநீர் வருகிறது என்பதைச் சொல்லத் தெரியாமல் அவிழ்க்கப் பார்க்கலாம். அமைதியில்லாமல் சேலையை இழுக்கத் தொடங்கும்போதே கமோடு நாற்காலியில் உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். டேப் வகையை விட்டுவிட்டு, உள்ளாடை போன்ற பேன்ட்ஸ் வகைக்கு மாறினால் பலர் அதைத் தங்கள் துணியாகவே ஏற்றுக்கொள்கிறார்கள். வருகிறவர் போகிறவர் முன்னால் இதைப் பேச வேண்டாம் என்று நீங்களே உறுதியாகச் சொல்லிவிடுங்கள். நினைவு மங்கினாலும் கூச்சம் மங்குவதில்லை. பிய்ந்த டயப்பரிலிருந்து கொட்டிய கூழைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் தரை இன்னும் வழவழப்பாகும். முதலில் உலர்ந்த துணியாலோ காகிதத்தாலோ அள்ளிவிட்டுப் பிறகு துடைக்க வேண்டும்.

கேள்வி: பயன்படுத்திய டயப்பர்களை எங்கள் தெருவில் சிலர் ஊருணிக் கரையில் வீசுகிறார்கள், சிலர் தோட்டத்தில் எரிக்கிறார்கள். சரியான வழி என்ன?
– பெயரும் ஊரும் வேண்டாம் என்று எழுதியவர்

பதில்: இரண்டுமே கூடாது. அதில் பிளாஸ்டிக்கும் வேதிக் குருணையும் இருப்பதால் மண்ணில் மட்காது, எரித்தால் நச்சுப் புகை வரும். ஊருணி நீரின் கதியைச் சொல்லவே வேண்டாம். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே, டயப்பரைத் தனியாகச் சுற்றித்தான் கொடுக்க வேண்டும் என்றும், சுற்றுவதற்கான உறையை உற்பத்தியாளர்கள் சேர்த்தே தர வேண்டும் என்றும் சொல்லின; வாங்கும் பொட்டலத்தில் உறை இல்லாவிட்டால் கடைக்காரரிடம் கேளுங்கள். மலம் இருந்தால் அதைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, டயப்பரை மட்டும் உள்பக்கமாகச் சுருட்டி, அதன் டேப்பாலேயே ஒட்டி, செய்தித்தாளில் சுற்றி, மூடியுள்ள தனி வாளியில் போட்டு வையுங்கள். கழிப்பறைக்குள் டயப்பரைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். தூய்மைக் காவலர் வரும்போது மக்கும் குப்பையோடு கலக்காமல், இது டயப்பர் என்று வாய்விட்டுச் சொல்லியே கொடுங்கள். கையால் பிரிக்கப்போவது அவர்தான். எந்த நாளில், எந்த வாளியில் கொடுக்க வேண்டும் என்பது ஊருக்கு ஊர் வேறுபடும் என்பதால், ஊராட்சி அலுவலகத்தில் ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.